சிறுநீரக மாற்று: எப்போது பேசத் தொடங்குவது?

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். நல்ல சிறுநீரகம் அத்தனை மணி நேரமும் ஓயாமல் வேலை பார்க்கிறது. வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் என்று டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அந்த வேலை நடப்பது 12 மணி நேரம்தான். மிச்சம் 156 மணி நேரமும் பொட்டாசியம், பாஸ்பரஸ், உப்பு, தண்ணீர் எல்லாம் உடம்பிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். அதனால்தான் அவர்களுக்கு இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது. பொட்டாசியம் எல்லை தாண்டினால் இதயத் துடிப்பே தடுமாறி நின்றுபோகலாம். தண்ணீரையும் டம்ளர் கணக்கில் அளந்துதான் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலில் வேலூரிலோ திருச்சியிலோ அப்படி ஒரு நாளை ஓட்டுவது எவ்வளவு கொடுமை என்பதை அந்த வீட்டுக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

டயாலிசிஸைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அது இல்லாவிட்டால் லட்சக்கணக்கானவர்கள் இன்று நம்மோடு இருக்க மாட்டார்கள். ஆனால் நம் வீடுகளில் சிகிச்சை எந்த வரிசையில் நடக்கிறது என்று பாருங்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுகிறது. ஒருவர் சொன்னார் என்று நாட்டு மருந்து சில மாதம். மூச்சு வாங்கி, முகம் வீங்கி, ஒரு நள்ளிரவில் அவசரப் பிரிவு. கழுத்து ரத்தக்குழாயில் குழாய் போட்டு முதல் டயாலிசிஸ். அப்புறம் டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைக்கும் ஃபிஸ்டுலா. இரண்டு மூன்று வருடம் கழித்து, நகை போய், நிலம் போய், ஃபிஸ்டுலாவும் ஒருமுறை அடைத்துக்கொண்ட பிறகு யாராவது மெதுவாகக் கேட்பார்கள்: “கிட்னி மாத்திட்டா என்ன?”

முதலில் கேட்க வேண்டிய கேள்வியைக் கடைசியில் கேட்கிறோம். சிறுநீரக மாற்று சிகிச்சை பற்றி இந்தக் கட்டுரை சொல்ல வருவதில் பெரும்பகுதி இதுதான்.

முன்கூட்டியே என்றால் எப்போது?

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் நாம் எல்லோரும் பார்ப்பது கிரியாட்டினின் எண்ணை. மருத்துவர் பார்ப்பது அதற்கும் கீழே அச்சாகியிருக்கும் இன்னொரு எண்ணை. இ.ஜி.எஃப்.ஆர். என்று போட்டிருக்கும். சிறுநீரகம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தை வடிகட்டுகிறது என்பதன் மதிப்பீடு அது. 90-க்கு மேல் இருந்தால் நல்லது. 15-க்குக் கீழே போய்விட்டால் அதைத்தான் சிறுநீரகச் செயலிழப்பு என்கிறார்கள். இந்த எண் 20-ஐ ஒட்டி இறங்கும்போதே மாற்று சிகிச்சைக்கான பேச்சைத் தொடங்கிவிடலாம். பொருத்தமான கொடையாளர் வீட்டிலேயே இருந்தால், ஒரு முறைகூட டயாலிசிஸ் செய்யாமல் நேரே மாற்று அறுவை சிகிச்சைக்குப் போக முடியும். இது புதிய விஷயமே இல்லை. ஆனால் நம் ஊரில் பெரும்பாலானவர்கள் கேள்விப்படாத விஷயம்.

சீக்கிரம் என்பதில் ஏன் இவ்வளவு அழுத்தம்? டயாலிசிஸில் இருக்கும் ஒவ்வொரு வருடமும் ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன, இதயம் களைக்கிறது. நாளை அறுவை சிகிச்சையைத் தாங்க வேண்டிய உடம்பு அதுதான். பலர் அறியாத இன்னொரு காரணமும் உண்டு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ரத்தசோகை வரும். அவசரத்துக்கு ஒரு பாட்டில், இரண்டு பாட்டில் என்று ரத்தம் ஏற்றுவார்கள். ஏற்றும் ஒவ்வொரு பாட்டிலும் அந்நியத் திசுவை எதிர்க்கும் எதிர்ப்பணுக்கள் உடம்பில் உருவாகக் காரணமாகலாம். பிற்பாடு அண்ணன் சிறுநீரகம் தருகிறேன் என்று முன்வரும்போது, ‘கிராஸ் மேட்ச்’ பரிசோதனையில் அந்த எதிர்ப்பணுக்கள் குறுக்கே வந்து நிற்கும். ஊசி மருந்தால் ரத்தசோகையைச் சமாளிக்க வழி இருக்கும்போது ரத்தம் ஏற்றுவதைத் தவிர்க்கச் சொல்வது இதனால்தான்.

அமெரிக்காவில் டயாலிசிஸ் செய்துகொண்ட 2 லட்சத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்து 1999-ல் ஒரு ஆய்வு வெளியானது. அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் இரண்டு வாரங்களில், மாற்றுச் சிறுநீரகத்துக்காகப் பட்டியலில் காத்திருந்தவர்களைவிட மாற்று சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இறப்பு அபாயம் 2.8 மடங்கு அதிகம். ஆனால் 18 மாதம் தாண்டியபோது அதே அபாயம் 68 சதவிகிதம் குறைவு. இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதல் எண்ணை மறைத்துவிட்டு இரண்டாவதை மட்டும் சொல்பவர் விளம்பரம் செய்கிறார். முதல் எண்ணை மட்டும் சொல்லிப் பயமுறுத்தும் உறவினரும் நன்மை செய்யவில்லை.

எல்லோருக்கும் இது ஏற்றதல்ல. அடங்காத புற்றுநோய், கட்டுப்படாத தொற்று, அறுவை சிகிச்சையைத் தாங்காத இதயம், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட முடியாத சூழல் ஆகியவை உண்மையான தடைகள். வயது மட்டும் தடையில்லை. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குப் பதிவு செய்ய 65 வயது என்று இருந்த உச்சவரம்பை மத்திய அரசு 2023-ல் எடுத்துவிட்டது. சர்க்கரை நோயும் தடையில்லை. ஆனால் பழைய சிறுநீரகத்தைக் கெடுத்த அதே சர்க்கரை புதியதையும் கெடுக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

யாருடைய சிறுநீரகம்?

அறுவை சிகிச்சை நிபுணருக்கு இது மூன்று நான்கு மணி நேர வேலை. குடும்பத்துக்கு அப்படியில்லை. யார் கொடுப்பது என்ற கேள்வி வந்த நாளில் இருந்து வீட்டின் பேச்சு மாறிவிடும். சிலர் போனை எடுக்க மாட்டார்கள். சிலர் பரிசோதனைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரமாட்டார்கள். கடைசியில் பெரும்பாலும் ஒரு பெண் முன்னால் வந்து நிற்பார்.

மிகைப்படுத்தவில்லை. தேசிய உறுப்பு மாற்று அமைப்பான ‘நோட்டோ’வின் கணக்குப்படி 2019 முதல் 2023 வரை இந்தியாவில் உயிரோடு இருக்கும்போதே உறுப்பு கொடுத்த 56 ஆயிரம் பேரில் சுமார் 36 ஆயிரம் பேர் பெண்கள். உறுப்பைப் பெற்றுக்கொண்டவர்களில் ஆண்களே அதிகம். அம்மா மகனுக்குக் கொடுக்கிறார், மனைவி கணவனுக்குக் கொடுக்கிறார், அக்கா தம்பிக்குக் கொடுக்கிறார். “சம்பாதிக்கிற ஆம்பளைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா?” என்று ஒரு வாதம் சொல்வார்கள். வீட்டு வேலையும் கூலி வேலையும் சேர்த்துப் பார்க்கும் பெண்ணின் உடம்பைப் பற்றி யாரும் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

மருத்துவக் காரணமும் கொஞ்சம் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். கர்ப்பக் காலத்தில் குழந்தையின் வழியாகக் கணவனின் திசுக் கூறுகள் தாயின் உடம்புக்கு அறிமுகமாகி, அவற்றுக்கு எதிராக எதிர்ப்பணுக்கள் உருவாகிவிடலாம். அப்படி எதிர்ப்பணுக்கள் உருவான மனைவிக்குக் கணவன் சிறுநீரகம் கொடுப்பது கடினம். ஆனால் அண்ணன் தங்கைக்குக் கொடுப்பதையும், அப்பா மகளுக்குக் கொடுப்பதையும் அது தடுப்பதில்லை. அங்கேயும் எண்ணிக்கை சாய்ந்தே இருக்கிறது என்றால் உயிரியலின் மேல் பழி போட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1994-ல் வந்து 2011-ல் திருத்தப்பட்ட மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரன் பேத்தி ஆகியோர் ‘நெருங்கிய உறவு’. இவர்களைத் தாண்டி மாமாவோ சித்தப்பாவோ நண்பரோ கொடுப்பதானால் அங்கீகாரக் குழுவின் முன் போய் நிற்க வேண்டும். பணம் கைமாறவில்லை, அன்பினால்தான் கொடுக்கிறார் என்று குழு நம்ப வேண்டும். ரத்தப் பிரிவு சேரவில்லையே என்று கைவிட்டுவிடவும் வேண்டாம். ஒரு குடும்பத்து மனைவி அடுத்த குடும்பத்துக் கணவனுக்கும், அந்தக் குடும்பத்து மனைவி இந்தக் கணவனுக்கும் கொடுக்கும் ‘ஸ்வாப்’ முறையைச் சட்டம் நெருங்கிய உறவுகளுக்கு அனுமதிக்கிறது. ரத்தப் பிரிவு சேராவிட்டாலும் எதிர்ப்பணுக்களை வடிகட்டிவிட்டு மாற்று செய்யும் முறையும் இங்கேயே நடக்கிறது. செலவும் தொற்று அபாயமும் கூடுதல், அவ்வளவுதான்.

கொடுப்பவருக்கு என்ன ஆகும்? பயத்துக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் ஒரு நேர்மையான பதில் இருக்கிறது. உலகில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டனில் இரட்டைச் சகோதரர்களுக்கு இடையே நடந்தது. பெற்றுக்கொண்டவர் எட்டு வருடம் வாழ்ந்தார். கொடுத்தவர் ஒற்றைச் சிறுநீரகத்தோடு 56 வருடம் வாழ்ந்து, 79 வயதில் 2010-ல் இறந்தார். மிஞ்சும் சிறுநீரகம் கொஞ்சம் பெருத்து, இரண்டும் சேர்ந்து செய்த வேலையில் மூன்றில் இரண்டு பங்கைத் தானே செய்யப் பழகிக்கொள்ளும். இப்போது பெரும்பாலும் துளை வழி அறுவை சிகிச்சைதான். சில நாளில் வீட்டுக்குப் போகலாம், ஒன்றிரண்டு மாதத்தில் வழக்கமான வேலைக்குத் திரும்பலாம். அறுவை சிகிச்சையால் உயிரிழப்பு நேர்வது பத்தாயிரத்தில் ஒன்று முதல் மூன்று பேருக்கு. பிற்காலத்தில் கொடுத்தவருக்கே சிறுநீரகம் பழுதாகும் வாய்ப்பும் கொடுக்காதவரைவிடக் கொஞ்சம் கூடுதல். மிகவும் சிறிதுதான், ஆனால் பூஜ்யம் இல்லை. அதனால் ரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம், கிரியாட்டினின் ஆகிய மூன்றையும் கொடையாளர் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். முட்டி வலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் வலி மாத்திரையை அவர் மறந்துவிட வேண்டியதுதான். பெற்றுக்கொண்டவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகும் அக்கறையில் பாதிகூடக் கொடுத்தவர் மேல் நம் குடும்பங்கள் காட்டுவதில்லை.

கொடையாளராக வருபவரை மருத்துவர் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும். மாமியாரோ கணவரோ மூத்த மகனோ அந்த அறையில் இருக்கக் கூடாது. “எனக்கு மனசில்லை” என்று அவர் சொன்னால் அது அந்த அறையோடு முடிய வேண்டும். குடும்பத்திடம் “இவர் கொடையாளராகப் பொருத்தமில்லை” என்று மட்டும் சொல்லி அவரைக் காப்பாற்றும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். கொடுக்க மறுத்த தம்பியைப் பத்து வருடம் கல்யாணத்துக்குக்கூட அழைக்காத குடும்பங்கள் நிறைய உள்ள ஊர் இது.

தமிழ்நாடு காட்டிய வழி

உறவில் யாரும் கிடைக்காதவருக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு வரலாறு உண்டு. இந்தியாவில் சிறுநீரக மாற்று சிகிச்சை வெற்றிகரமாக நிலைபெற்றது 1971-ல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில். 2008 செப்டம்பரில் விபத்தில் மூளைச்சாவு அடைந்த ஹிதேந்திரன் என்ற பதின்ம வயது மாணவனின் உறுப்புகளை, மருத்துவர்களான அவனுடைய பெற்றோர் கொடையாகக் கொடுத்தார்கள். போக்குவரத்தை நிறுத்தி அவனுடைய இதயத்தைச் சென்னையின் குறுக்கே கொண்டுபோனபோதுதான் உறுப்புக் கொடை என்றால் என்ன என்று பல வீடுகளில் முதன்முதலாகப் பேசினார்கள். அதே ஆண்டில் தொடங்கிய அரசுத் திட்டம் இன்று தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையமாக, ‘டிரான்ஸ்டான்’ என்ற பெயரில் இயங்குகிறது. உறுப்புக் கொடை அளிப்பவர்களுக்கு அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு என்ற அறிவிப்பு 2023 செப்டம்பரில் வந்தது. 2024-ல் மாநிலத்தில் 268 பேரின் உறுப்புகள் கொடையாகக் கிடைத்தன.

மூளைச்சாவு என்பது கோமா அல்ல. கோமாவில் இருப்பவர் திரும்பி வரலாம், மூளைச்சாவு அடைந்தவர் வர மாட்டார். நான்கு மருத்துவர்கள் கொண்ட குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதித்த பிறகே அறிவிப்பார்கள். உறுப்பை எடுத்துப் பொருத்தப்போகும் குழுவைச் சேர்ந்தவர் அந்த நால்வரில் இருக்கக் கூடாது.

பதிவு செய்வது எப்படி? உறுப்பு மாற்று உரிமம் பெற்ற மருத்துவமனை வழியாகத்தான். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளிலேயே இந்த அறுவை சிகிச்சை நடக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் சிறுநீரக மாற்று சேர்ந்திருக்கிறது. ரத்தப் பிரிவும் பதிவு மூப்பும் பார்த்தே பட்டியல் நகரும். காத்திருப்பு வருடக் கணக்கில் நீளும், ஓ பிரிவுக்காரர்களுக்கு இன்னும் நீளும். மூப்பு பதிவு நாளிலிருந்து எண்ணப்படும் என்பதால் “கொஞ்ச நாள் டயாலிசிஸ் பார்ப்போம், அப்புறம் பதிவு பண்ணிக்கலாம்” என்று தள்ளிப்போடுவது ரயில்வே ஸ்டேஷன் போய்ச் சேர்ந்த பிறகு டிக்கெட் முன்பதிவு செய்யப் பார்ப்பது மாதிரி. பதிவு செய்தவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. அழைப்பு நள்ளிரவில் வரலாம், போன் எண் மாறினால் சொல்லிவிட வேண்டும், சளி காய்ச்சல் என்று படுத்திருந்தால் அந்த வாய்ப்பு அடுத்தவருக்குப் போய்விடும்.

மூன்றாவது வாசல் ஒன்று இருப்பதாக யாராவது காதோடு சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 80-களிலும் 90-களிலும் சிறுநீரக விற்பனையால் சென்னை வில்லிவாக்கத்துக்கு ‘கிட்னிவாக்கம்’ என்று பெயர் வந்த கதை ஊரறிந்தது. சுனாமியில் கடலோர வீடுகளை இழந்து எர்ணாவூரில் குடியேற்றப்பட்ட மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்றது 2007-ல் வெளிவந்தது. 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் விசைத்தறித் தொழிலாளர்களைத் தரகர்கள் கடனைக் காட்டி வளைத்த செய்தி வெடித்து, விசாரணை சிறப்புப் புலனாய்வுக் குழு வரை போனது. மூன்று இடத்திலும் ஒரே கதைதான். சொன்ன பணம் முழுசாக வந்ததில்லை, கடன் தீர்ந்ததில்லை, தழும்பு மட்டும் நின்றது. வாங்குபவருக்கும் இது ஆபத்து. அவசரத்தில், பொய் ஆவணத்தில், அரைகுறைப் பரிசோதனையில் பொருத்தப்படும் சிறுநீரகம் தொற்றையும் கொண்டுவரும். உறுப்பு வணிகத்துக்குச் சட்டப்படி 5 முதல் 10 ஆண்டு சிறை, 20 லட்சம் முதல் ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். விற்றவரின் வறுமைக்கு இரங்கலாம். தரகருக்கும் கண்ணை மூடிக்கொண்ட மருத்துவமனைக்கும் இரங்க ஒன்றுமில்லை.

மாற்றிய பிறகு

புதிய சிறுநீரகத்தைப் பழையது இருந்த இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றில் ஒரு பக்கமாக வைத்து, ரத்தக்குழாய்களை இணைத்து, சிறுநீர்க்குழாயை மூத்திரப்பையில் சேர்ப்பார்கள். பழைய இரண்டையும் பெரும்பாலும் எடுப்பதே இல்லை. பலருக்கு மேஜையிலேயே புதிய சிறுநீரகம் வேலையைத் தொடங்கிவிடும். வருடக்கணக்கில் சிறுநீரே போகாமல் இருந்தவர் பையில் நிறையும் லிட்டர்களைப் பார்த்து அழுவது அந்த வார்டுகளில் பழகிய காட்சி. நேற்று வரை தண்ணீர் குடிக்காதே என்று அதட்டிய நர்ஸ் இன்று குடியுங்கள், குடியுங்கள் என்று பின்னாலேயே வருவார்.

இதைக் குணமாகிவிட்டதாக எடுத்துக்கொண்டால் அங்கேதான் சறுக்கல். உடம்புக்கு அது என்றைக்கும் அந்நிய உறுப்புதான். 1954-ல் பாஸ்டன் சகோதரர்கள் மருந்தில்லாமல் தப்பித்தது உருவொத்த இரட்டையர் என்பதால். மற்ற எல்லோருக்கும் எதிர்ப்பைத் தணிக்கும் மாத்திரைகள் அந்தச் சிறுநீரகம் உடம்பில் இருக்கும் காலம் முழுவதும் வேண்டும். டாக்ரோலிமஸ், மைக்கோஃபீனோலேட், ஸ்டீராய்டு என்பது வழக்கமான கூட்டு. காலை எட்டு மணி என்றால் எட்டு மணி, இரவு எட்டு என்றால் எட்டு. உடம்பு நன்றாக இருக்கிறதே என்று நாமாகக் குறைத்துக்கொள்வதுதான் சிறுநீரகத்தை இழக்கும் நேர்வழி. உடம்பு அதை நிராகரிக்கும் ‘ரிஜெக்‌ஷன்’ பெரும்பாலும் வலித்துக்கொண்டு வராது, ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும்.

எதிர்ப்பைத் தணித்தால் தொற்று எளிதாக வரும். நம் நாட்டில் முதல் கவலை காசநோய். அதற்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் மருந்து ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவைக் கீழே இழுத்துவிடும் என்பதால் எந்த மருத்துவரிடம் போனாலும் “எனக்கு மாற்றுச் சிறுநீரகம்” என்று முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பப்ளிமாஸ் பழம் டாக்ரோலிமஸ் அளவைக் கூட்டிவிடக்கூடும், அதையும் தவிர்க்க வேண்டும். சித்த மருந்தோ மூலிகைப் பொடியோ சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். ஸ்டீராய்டால் முகம் உப்பும், சிலருக்குப் புதிதாகச் சர்க்கரை வரும். இத்தனைக்கும் நடுவில் வேலைக்குப் போகிறார்கள், வெளியூர் போகிறார்கள். பெண்கள் மருத்துவரின் ஆலோசனையோடு, மருந்தை மாற்றிக்கொண்டு, குழந்தையும் பெற்றுக்கொள்கிறார்கள்.

எத்தனை வருடம் தாங்கும்? உயிரோடு இருப்பவர் கொடுத்தது பொதுவாக 15 முதல் 20 வருடம், மூளைச்சாவு அடைந்தவருடையது 10 முதல் 15 வருடம் என்பார்கள். முப்பது வருடம் ஓடியதும் உண்டு, முதல் வருடத்திலேயே போனதும் உண்டு. இளவயதில் மாற்றிக்கொண்டவருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படலாம். அறுவை சிகிச்சைச் செலவுக்கு ஓடி ஓடிப் பணம் திரட்டும் குடும்பம், மாதா மாதம் ஆயிரக்கணக்கில் ஆகும் மருந்துச் செலவை எண்ணுவதே இல்லை. எந்த மருத்துவமனையில் சேர்ந்தால் மருந்து தொடர்ந்து இலவசமாகவோ குறைந்த விலையிலோ கிடைக்கும் என்பதைச் சேரும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மருந்து வாங்க முடியாமல் ஒரு சிறுநீரகம் வீணாவதைவிடப் பெரிய அநியாயம் கொடுத்தவருக்கு வேறில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது கிரியாட்டினின் ஏறிக்கொண்டிருந்தால், அடுத்த முறை சிறுநீரக மருத்துவரைப் பார்க்கப் போகும்போது இதையெல்லாம் கேளுங்கள். இ.ஜி.எஃப்.ஆர். இப்போது எவ்வளவு, எந்த வேகத்தில் இறங்குகிறது? மாற்று சிகிச்சைக்கு உடம்பு தகுதியா, இல்லையென்றால் எதனால்? அரசுப் பட்டியலில் எப்போது பதிவு செய்யலாம்? கொடுக்க முன்வந்திருப்பவரை நீங்கள் தனியாகப் பார்த்துப் பேசுவீர்களா? டயாலிசிஸ் தொடங்கிவிட்டதே, இனி என்ன என்று இருந்துவிடாதீர்கள். பதிவு செய்யாமல் இருப்பவர்கள் இந்த வாரமே செய்துவிடுங்கள்.